தெளிந்த நீரும் தெரியாத நஞ்சும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் தண்ணீரைப் பற்றிப் பேச்சு எழாத வீடு இல்லை. ஊரை விட்டு நாகபுரிக்கு வந்த நாள்தொட்டு, "இந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லையே" என்பதும், "நம் காவிரித் தண்ணீர் போல் வருமா, தாமிரபரணி போல் வருமா" என்பதும் நாம் சொல்லியும் கேட்டும் பழகியவை. சுவை கெட்டிருந்தால் நாக்கு சொல்லிவிடும். கலங்கியிருந்தால் கண் சொல்லிவிடும். நாற்றமிருந்தால் மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் இம்மூன்றுக்கும் ஒருங்கே தப்பிவிடும் நஞ்சு ஒன்று உண்டு. அதுவே காரீயம்.

ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நான் விஞ்ஞானம் கற்றவனல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எனினும் மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்குத் தகப்பன். வீட்டிலிருந்து நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர்ப் புட்டி நண்பகலுக்குள் காலியாகிவிடும். இவ்வூர்க் கோடையின் கொடுமை நாம் அறிந்ததே. பிறகு அவள் பள்ளிக்கூடத்துக் குழாயில்தான் பிடித்துக் குடிக்கிறாள். அக்குழாய்களோ பழைய பித்தளைக் குழாய்கள். ஒருநாள் அவற்றைப் பார்த்து நின்றபோது, அமெரிக்காவில் பிளின்ட் என்னும் ஊரில் நிகழ்ந்ததாக நான் படித்த செய்தி நினைவுக்கு வந்தது. கவலையும் உடன் வந்தது.

முதலில் பெயர் மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பாட்டிமார் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் அதுவே. காரீயம் வேறு உலோகம். கனத்தது, மென்மையானது, எளிதில் வளைவது. அதனால் பண்டை ரோமாபுரியார் அதைக் கொண்டு தண்ணீர்க் குழாய் செய்தனர். குழாய் வேலை செய்வோரை ஆங்கிலத்தில் 'பிளம்பர்' என்று அழைப்பதும் 'பிளம்பம்' என்ற அதன் லத்தீன் பெயரால் வந்ததே. மலிவு கருதி வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்பாரும் உண்டாதலால், ஈயச்சொம்பு வாங்கும் தாய்மார்கள் கடையறிந்து வாங்குதல் நலம்.

பிளின்ட் நகரின் கதைக்கு வருவோம். மிச்சிகன் மாகாணத்தில் அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த ஊர் அது. பணத்தை மிச்சம் பிடிக்க எண்ணிய நிர்வாகம், டெட்ராய்ட் நகரிலிருந்து பெற்றுவந்த ஏரித் தண்ணீரை நிறுத்தி, 2014 ஏப்ரலில் உள்ளூர் ஆற்று நீரைக் குழாய்களில் விட்டது. அந்நீர் உலோகத்தை அரிக்கும் இயல்புடையது. அரிப்பைத் தடுக்கச் சேர்க்க வேண்டிய மருந்தையும் சேர்க்கவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், தங்கள் எந்திர உறுப்புகளை இத்தண்ணீர் அரிக்கிறது என்று அங்கிருந்த மோட்டார்த் தொழிற்சாலை ஒன்று வேறு நீருக்கு மாறிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத நீரைக் குழந்தைகள் மட்டும் மேலும் ஓராண்டு குடித்துவந்தனர்.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர்களில் முதன்மையானவர் ஒரு தாய். லீஆன் வால்ட்டர்ஸ் என்பது அவர் பெயர். குழந்தைகளின் உடல்நலம் குன்றுவதைக் கண்டு அவர் விடாது முறையிட, 2015-இல் அவர் வீட்டு நீரைச் சோதித்தார்கள். நூறு கோடிப் பங்கில் 15 பங்குக்கு மேல் காரீயம் இருந்தால் நடவடிக்கை வேண்டும் என்பது அப்போது அந்நாட்டு விதியாக இருந்தது. அங்கே 104 இருந்தது. பின்பு பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழுவினர் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்ப, அவ்வூர் மக்களே வீடு வீடாகச் சென்று 250-க்கு மேற்பட்டவற்றில் நீர் பிடித்துத் திருப்பியனுப்பினர். மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் இரத்தப் பரிசோதனைக் கணக்குகளை ஒப்பிட்டார். காரீயம் மிகுந்த குழந்தைகள் நூற்றுக்கு 2.4 என்றிருந்தது 4.9 ஆக ஏறியிருந்தது. அக்டோபரில் பள்ளிகளைச் சோதித்தபோது அங்கும் சிலவற்றில் அளவு மீறியிருந்தது. அம்மாதமே பழைய நீர் திரும்பி வந்தது. சாதாரண மக்கள் புட்டியும் கையுமாக நின்றிராவிடில் அது நடந்திராது.

"நம் நாட்டில் காரீயக் குழாய் ஏது?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் பித்தளைக் குழாய்களைக் கடைவது எளிதாவதற்கு அதில் சிறிது காரீயம் சேர்ப்பது வழக்கம். பழைய பற்றவைப்புகளிலும் அது உண்டு. பிளாஸ்டிக் குழாய் உறுதி பெறவும் காரீய உப்புகளைச் சேர்த்துவந்தார்கள். அதைத் தடுக்கும் விதிகளை மத்திய அரசு 2021-இல்தான் வெளியிட்டது. அதற்கு முன் பதித்த குழாய்கள் எத்தனையோ பள்ளிகளில் இன்னும் இருக்கும். குளிர்நீர்ப் பெட்டிகளையும் நம்பிவிட முடியாது. உட்புறம் காரீயம் பூசிய தொட்டிகளைக் கொண்டவற்றைத் திரும்பப் பெறுவதற்காகவே அமெரிக்கா 1988-இல் சட்டம் இயற்றியது.

நாம் விழுங்கும் காரீயத்தை நம் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கு இளங்குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. இரத்தத்தில் கலந்து, எலும்பிலும் பல்லிலும் தங்கி, வளரும் மூளையைத் தாக்குகிறது. காய்ச்சல் போல் கட்டிலில் தள்ளுவதில்லை. கற்கும் திறன் மங்கும், கவனம் சிதறும். 'பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை' என்று நாம் கடிந்துகொள்வோம். குற்றம் பிள்ளையுடையதன்று என்பதை அறியமாட்டோம். பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு ஒன்றுமே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடையாவிடினும் இதில் தளர்வு இல்லை.

நான் தலைமையாசிரியை அம்மையாரிடம் சென்றேன். "தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறதே! சுத்திகரித்துத்தானே வருகிறது?" என்றார். சுத்திகரித்து வருவது உண்மை. ஆனால் காரீயம் பெரும்பாலும் சேருவது அதன் பிறகே, கட்டிடத்துக் குழாயிலும் திருகிலும். இதை விளக்கியபின், "செலவு பள்ளிக்கு இல்லையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இசைந்தார். நானும் பெற்றோர் இருவரும் செலவைப் பகிர்ந்துகொண்டோம்.

நீர் பிடிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. குழாயில் தேங்கி நிற்கும் நேரத்தில்தான் உலோகம் கரைகிறது. ஆகவே 8 மணி முதல் 18 மணி நேரம் வரை யாரும் திறவாத குழாயில், காலையில் விழும் முதல் நீரையே பிடிக்க வேண்டும். 'சற்று ஓடவிட்டுப் பிடிக்கலாம்' என்று நினைத்தால் சோதனை வீண். முதலில் 250 மில்லிலிட்டர். பின் 30 விநாடி ஓடவிட்டு மற்றொரு புட்டி. முதற் புட்டியில் மட்டும் மிகுதியாயிருப்பின் குற்றம் திருகுக் குழாயினுடையது; இரண்டிலும் மிகுந்திருப்பின் குற்றம் உள்ளே செல்லும் குழாயிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. புட்டியைப் பரிசோதனைச்சாலையாரிடமே கேட்டு வாங்குவது நல்லது.

காவற்காரர் கதவைத் திறந்ததும், பிள்ளைகள் வருமுன் மூன்று குழாய்களில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச்சாலையில் சேர்த்தேன். முடிவு வந்த அன்று அலுவலகத்தில் என் பேனா ஓடவில்லை. இரண்டு குழாய்களில் குறையில்லை. மூன்றாவதில், அதாவது என் மகளின் வகுப்பை அடுத்த குழாயில், முதற் புட்டி வரம்பைத் தாண்டியிருந்தது. இரண்டாவது வரம்புக்குள் அடங்கியது. காகிதத்தைக் கண்ட அம்மையார் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளை அழைத்து அக்குழாயை அன்றே அடைக்கச் செய்தார். அடுத்த வாரம் புதிய எஃகுக் குழாய் பொருத்தி, மறுமுறை சோதித்து, குறையில்லை என்று கண்ட பின்னரே திறந்தார். நூறு குழந்தைகளின் அச்சத்தைத் தீர்க்க ஒரு திருகுக் குழாயின் விலையே போதுமானதாயிற்று.

அன்பர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். வீட்டுக்கு வந்து கருவியை நீரில் நனைத்து, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் விற்பனையாளரின் சோதனையால் காரீயத்தைக் காண இயலாது. சோதித்துத் தீர்வு காணும்வரை, காலையில் குழாயைச் சற்று ஓடவிட்டு, அந்நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு பிடிப்பது ஓரளவு காக்கும். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைவற இருந்தால் உடல் காரீயத்தை ஏற்பது குறையும். கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நம் சமையலறைக்குப் புதியவையல்ல. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் அரசுப் பரிசோதனைச்சாலைகள் 2021 முதல் பொதுமக்களுக்கும் திறந்துள்ளன, 'காரீயத்தைச் சோதிப்பீர்களா?' என்று முன்கூட்டியே கேட்டறிந்து செல்க.

பிழைப்புக்காக வந்த இடத்தில் பள்ளி நிர்வாகத்தாரிடம் கேள்வி கேட்பதற்கு நமக்குக் கூச்சம் உண்டு. 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் நாம் இவ்வளவு தொலைவு வந்ததே பிள்ளைகளின் படிப்புக்காக அன்றோ? அப்படிப்பைக் கெடுக்கும் நஞ்சு அதே பள்ளியின் குழாயில் இருக்கலாமா? நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், நம் குழந்தைகள் பயிலும் பள்ளிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரித்து, பள்ளிக்கு இருவர் வீதம் பொறுப்பேற்க வேண்டுகிறேன். புட்டி பிடிக்க நான் வருகிறேன். காலையில் சற்று முன்னதாக எழ வேண்டும்; அவ்வளவே.