விளம்பரம் விற்பது சேலையை மட்டுமா?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டே நடந்து பாருங்கள். விளம்பரப் பலகை எல்லாவற்றிலும் மணப்பெண்தான். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, கைத்தறியா விசைத்தறியா, எத்தனை நாள் தறியில் இருந்தது என்று ஒரு பலகையும் சொல்லாது. மகள்மேல் பாசம் உள்ள அப்பா இதைத்தான் வாங்குவார், நல்ல குடும்பம் இப்படித்தான் உடுத்தும் என்பதை மட்டும் சொல்லாமல் சொல்லும். சேலையோடு சேர்த்து, ‘நாம் யார்’ என்பதற்கும் ஒரு பதிலை விற்கிறார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். முகூர்த்த மாதங்களில் நகைக்கடன் கவுன்ட்டரில் கூட்டம் தாங்காது. வருபவர்கள் கேட்பது விவசாய நகைக்கடன் (அதற்குத்தானே வட்டி குறைவு!). பேச்சுக் கொடுத்தால், “பொண்ணு கல்யாணம் சார், பட்டு எடுக்கணும்” என்பார்கள். கொஞ்சம் குறைந்த விலையில் எடுக்கக் கூடாதா என்றால், “நாலு பேர் என்ன சொல்லுவாங்க?” அந்த நாலு பேரில் ஒருத்தி பலகையில் சிரிக்கிற அந்த மணப்பெண் என்று எனக்குத் தோன்றும்.

பட்டைக் குறை சொல்லவில்லை. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் வைத்து, ஊடையில் கோத்து நெய்கிற கோர்வை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்த உழைப்புதான் பலகையில் இல்லை. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவரை எப்போதாவது காட்டினாலும், ‘பாரம்பரியம்’ என்பதற்கு அடையாளமாகக் காட்டுவார்களே தவிர, அவருக்கு என்ன கூலி என்று சொல்ல மாட்டார்கள். நெல் மூட்டைப் படத்தில் சிரிக்கிற உழவனும் இதே கதைதான்.

வாங்குகிறவர் கேள்வி கேட்க முத்திரைகள் இருக்கின்றன. 2004-ல் வந்த சில்க் மார்க், இது அசல் பட்டு என்று சொல்லும். கைத்தறி என்று சொல்லாது. 2006-ல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்று சொல்லும். பட்டு என்று சொல்லாது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும். மூன்றும் மூன்று கேள்விக்குப் பதில். ‘பாரம்பரியம்’, ‘கௌரவம்’ என்கிற சொற்கள் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. முத்திரையே இல்லையென்றால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, முடி கருகுகிற வாடை அடிக்கும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும்.

இப்போது நம்ம வயலுக்கு வருவோம். 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 நெல் வந்தபோது, வானொலியில் கேட்டு விதைத்ததால் மக்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே கூப்பிட்டார்கள். நெல்லுக்கே ரேடியோ பேர் வைத்த காலம் அது. அதற்குப் பின்னால் சுவர் சுவராக வந்தன கம்பெனி விளம்பரங்கள். வெள்ளைச் சட்டை, முறுக்கிய மீசை, ‘முன்னோடி விவசாயி’. வீட்டு விதையைக் குதிரில் வைத்திருந்த அப்பா ஒரே நாளில் ‘பழைய ஆள்’ ஆகிவிட்டார். பூச்சிமருந்தின் பேரை நெஞ்சில் போட்ட டி-ஷர்ட்டைக் கூட்டத்தில் கொடுப்பார்கள். நம்மாளுங்க அது கிழிகிறவரை அந்தக் கம்பெனிக்குக் கூலி இல்லாமல் விளம்பரம் செய்வார்கள்.

சுவரில் இருப்பது விளம்பரம் என்றாவது தெரியும். செய்தித்தாளில் வருவது? மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பாம்ப்ராஜா, அந்தர்காவ்ன் என்று இரண்டு ஊர். பி.டி. பருத்தியால் அவை செழித்துவிட்டன, அங்கே தற்கொலையே இல்லை என்று 2008 அக்டோபரில் டைம்ஸ் ஆஃப் இந்தியா முழுப்பக்கச் செய்தி போட்டது. பயணத்தை ஏற்பாடு செய்தது மஹிகோ மான்சான்டோ என்ற குறிப்பும் அதில் இருந்தது. 2011 ஆகஸ்டில் அதே வாசகம் அதே பத்திரிகையில் விளம்பரமாக வந்தது. 2012 மே மாதம் தி இந்துவில் பி. சாய்நாத் இதை அம்பலமாக்கினார். பாம்ப்ராஜாவில் 14 தற்கொலைகள் நடந்ததாக ஊர்க்காரர்களே சொன்னதையும் எழுதினார். பக்கத்தின் மூலையில் இருக்கிற சின்ன எழுத்தை முதலில் படிக்கிற பழக்கம் எனக்கு அதைப் படித்தபிறகு வந்தது.

இதையெல்லாம் படித்துத் தலையாட்டுகிற நாம், நம்ம பாக்கெட்டில் என்ன எழுதுகிறோம்? ‘ராஜாக்கள் சாப்பிட்ட அரிசி’ என்று கருப்புக் கவுனி. மாப்பிள்ளைச் சம்பாவுக்கு இளவட்டக்கல் தூக்குகிற ஆம்பளைப் படம். ‘சர்க்கரையை ஓட ஓட விரட்டும்’ என்று கூடப் பார்த்துவிட்டேன். போன வருஷம் ஒருவர் போன் செய்தார். “சார், கவுனி சாப்பிட ஆரம்பிச்சா மாத்திரையை நிறுத்திடலாமா?” அவருக்கு வேண்டியது அரிசி மட்டும் இல்லை, மாத்திரை போடாத ஆள் என்கிற பேரும் வேண்டியிருந்தது. அந்தப் பேரை யாரோ ஒரு பாக்கெட் அவருக்குக் கொடுத்திருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று சொன்னேன். அவர் அதற்குப் பிறகு வாங்கவில்லை. பரவாயில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. பெரிய கம்பெனிக்குத்தானே என்று நினைக்க வேண்டாம், அரிசி விற்கிற நாமும் அதற்குள்தான் வருகிறோம். என்.பி.ஓ.பி. சான்று, வெளி நிறுவனம் வந்து சோதித்தது என்று சொல்கிறது. பி.ஜி.எஸ். சான்று, கூட இருக்கிற உழவர் குழு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றது என்று சொல்கிறது. இரண்டில் எதுவும் நோய் தீரும் என்று சொல்லவில்லை.

என் பாக்கெட்டில் ரகத்தின் பேர், அறுத்த மாதம், அரைத்த தேதி, வயலுக்கு என்ன போட்டேன், ஊர் எது, குழு எது, இவ்வளவுதான் அச்சடிக்கிறேன். “போன்ல பார்க்கிறவங்க இதைப் படிக்கவே மாட்டாங்க மாமா, ஒரு படமாவது போடுங்க” என்கிறாள் மருமகள். ஏரிக்கரை வயலைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அறுப்பு முடிந்த கட்டாந்தரை வயல். அதையே போடலாம் என்கிறேன் நான். இன்னும் பேசி முடியவில்லை.