பௌர்ணமியைக் காணவில்லை

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக் கையைக் கழுவிவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்தேன். கிள்ளானில் கோயில் பூஜை. எத்தனை மணிக்கு என்று அம்மா புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போட்டிருந்தார். எங்கள் குடும்பக் குழுவில் காலை வணக்கப் படங்களே நாளைக்கு இருபது வரும். விரலால் தள்ளிக்கொண்டே போக யாருக்குப் பொறுமை? தேடல் பெட்டியில் 'பௌர்ணமி' என்று தட்டினேன். அப்படி எதுவும் இல்லை என்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் இல்லை. கடைசியில் தள்ளித் தள்ளித்தான் கண்டுபிடித்தேன். 'பெளர்ணமி பூஜை ஏழரைக்கு' என்று அம்மாவின் செய்தி பளிச்சென்று நிற்கிறது. கண்முன்னே இருக்கிற சொல்லை இந்தக் கருவி ஏன் இல்லை என்கிறது?

காரணத்தைத் தேடிப் போனால், ஒரு தமிழ் எழுத்து விரலிலிருந்து திரைக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை வேலை நடக்கிறது என்று மலைப்பாக இருக்கிறது.

விரலிலிருந்தே தொடங்கலாம். கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கோலப்புள்ளி போல ஓடுகின்றன. இண்டியமும் வெள்ளீயமும் கலந்த ஒரு ஆக்சைடால் ஆனவை. ஒளியையும் விடும், மின்சாரத்தையும் விடும். நம் உடம்பு உப்புத் தண்ணீர்ப் பானை. விரல் கிட்டே வந்ததும் அந்த இடத்தின் மின்னூட்டத்தில் துளி குறைகிறது. நொடிக்கு அறுபது தடவைக்குக் குறையாமல் கருவி முழு வலையையும் தடவிப் பார்த்து, எங்கே குறைந்தது என்று கண்டுபிடிக்கிறது. கழுவிய கையோடு தொட்டால் தண்ணீரும் அதே வேலையைச் செய்கிறது. ஒரு சொட்டு நாலைந்து சந்திப்புகளை ஒன்றாக இணைத்துவிடுவதால், விரல் எது நீர் எது என்று புரியாமல் திரை திணறுகிறது. பலமாக அழுத்திப் பயனில்லை. சட்டையில் துடைத்துவிட்டுத் தொடுங்கள்.

அடுத்து, எந்த விசை? விரல் நுனியின் அகலம் விசையைவிடப் பெரியது. ஆகவே திரையில் வரைந்திருக்கும் கட்டங்கள் நம் திருப்திக்கு மட்டும்தான். உண்மையான எல்லைகள் நீங்கள் தட்டத் தட்ட நகர்ந்துகொண்டே இருக்கும். அடுத்து வரக்கூடிய எழுத்தின் கட்டம் நமக்குத் தெரியாமல் கொஞ்சம் வீங்கும். வர வாய்ப்பில்லாதது சுருங்கும். குறி தவறிய விரலையும் கருவி சரியான வீட்டில் கொண்டு சேர்ப்பது இப்படித்தான்.

இந்த ஊகம் எல்லை மீறும்போதுதான் எரிச்சல். நம் ஊர்த் தமிழில் உணவைப் பொட்டலம் கட்டி வாங்கிப்போவது 'தப்பாவ்'. சீனத்திலிருந்து வந்து நம் நாக்கில் ஒட்டிக்கொண்ட சொல். 'தப்பாவ் பண்ணவா?' என்று நான் கேட்டால், என் கைத்தொலைபேசி அதைத் திருத்தி 'தப்பா பண்ணவா?' என்று அனுப்பிவிடுகிறது. அதைச் சொல்லியும் குற்றமில்லை. 'போ' என்ற ஒரு வினையிலிருந்து போனேன், போகவில்லை, போயிருக்கலாமே, போகவேண்டியிருந்ததால் என்று கிளைத்துக்கொண்டே போகும் மொழியை எந்த அகராதிப் பட்டியலில் அடைப்பது? தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாக மாற்றப் பார்க்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டுச் சொற்களைக் கருவியின் சொந்த அகராதியில் ஒருமுறை சேர்த்துவிட்டால் தொல்லை பாதியாகக் குறையும்.

தமிழுக்கு 247 எழுத்து. அத்தனைக்கும் விசை வைத்தால் கைத்தொலைபேசி சாப்பாட்டு இலை அளவுக்கு வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை இதை 12 உயிர், 18 மெய், புள்ளியும் ஆய்தமும் பகிர்ந்துகொள்ளும் ஒன்று என்று 31 விசைக்குள் முடித்துவிட்டது (கிரந்த எழுத்துகள் தனி). உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. நடுவில் புள்ளி வைக்கவே வேண்டாம். ஒரே மெய் இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளி உண்டு என்று பலகைக்குத் தெரியும். ந-வை அடுத்து த வந்தால் 'ந்த', ம-வை அடுத்து ப வந்தால் 'ம்ப'. மெல்லினம் தன் இன வல்லினத்தோடு கைகோக்கும் என்று வகுப்பில் படித்தோமே, அந்த இலக்கணத்தை விசைப்பலகைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

தட்டியது எழுத்தாக உள்ளே போவதில்லை, எண்ணாகப் போகிறது. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொது ஏற்பாட்டுக்கு ஒருங்குறி என்று பெயர். அதில் க என்றால் 2965, ப என்றால் 2986, ள என்றால் 2995. அங்கேயும் 247 எண் கிடையாது. உயிர் 12, மெய்களுக்கு 18, ஆய்தம் 1, கால் கொம்பு விசிறி போன்ற துணைக்குறிகள் 11, புள்ளி 1. இந்த 43 மணிகளைக் கோத்தே 247ஐயும் செய்துகொள்கிறார்கள்.

கோப்பதில்தான் வேடிக்கை. 'கெ' என்று எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது, பிறகு ககரத்தை. வாயோ முதலில் க் என்று தொடங்கி, பிறகுதான் எகரத்துக்குப் போகிறது. ஒருங்குறி வாயின் பக்கம். ககரத்தின் எண் முன்னால், கொம்பின் எண் பின்னால் சேமிக்கப்படும். திரையில் காட்டும் நேரம் வந்ததும், பின்னால் நிற்கும் கொம்பைத் தூக்கி முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 'கொ' என்றால் இன்னும் கஷ்டம். ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் அனுப்ப வேண்டும். கு, சு, டு, து எல்லாம் ஒரே உகரம்தான் என்றாலும் ஒவ்வொன்றின் வளைவும் வேறு வேறு. அவற்றுக்குத் தனித்தனிப் படம் எழுத்துருவில் தேட வேண்டும். இந்தச் சமையலை வடிவாக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டில் இதைச் செய்யும் மென்பொருளின் பெயர் ஹர்ஃப்பஸ்; பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்று பொருள். திரை நொடிக்கு அறுபது முறையாவது புதுப்பிக்கப்படுவதால், நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள் எல்லா எழுத்தும் உடை மாற்றிக்கொண்டு மேடைக்கு வந்தாக வேண்டும். ஒருமுறை கண்ணிமைக்கிற நேரத்தில் இது ஆறு தடவையாவது நடந்து முடிந்துவிடும்.

அழிப்பு விசை ஏன் கோணல் புத்தியோடு நடக்கிறது என்பதும் இங்கே விளங்கும். கொம்பு நம் கண்ணுக்குத்தான் முன்னால், கருவிக்குப் பின்னால். ஆகவே 'கொ' மீது ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் ககரம் நின்றுவிடும், துணைக்குறி மட்டும் போகும். கொடியைக் கோடியாக்க முழு எழுத்தையும் அழிக்க வேண்டாம். ஒரு தட்டு போதும், பிறகு ஓகாரம்.

இந்தச் சமையற்கட்டில் நம் மலேசியக் கை நிறையவே புழங்கியிருக்கிறது. 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தொகுத்த கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், கணினித் திரையில் தமிழ் வருவதே அதிசயமாக இருந்த 1985லேயே முரசு மென்பொருளைத் தொடங்கியவர். ஐபோன் வைத்திருப்பவர்கள் விசைப்பலகை அமைப்புக்குள் போய்த் தமிழைத் தேடிப் பாருங்கள். 'அஞ்சல்' என்று ஒன்று இருக்கும். அது அவருடைய முரசு அஞ்சல் மென்பொருளின் அஞ்சல்தான். ஆப்பிள் கருவிகளில் 'தமிழ் சங்கம் எம்.என்.' என்றொரு எழுத்துரு உண்டு, அந்த எம்.என். அவர் பெயரின் முதலெழுத்துகள். சிங்களம், கெமர், லாவோ எழுத்துருக்களுக்குப் பின்னாலும் அதே எம்.என். ஒட்டிக்கொண்டிருக்கிறது. புனோம் பென்னில் ஒருவர் மனைவிக்கு அனுப்பும் செய்தியின் வளைவுகள் ஒரு மலேசியத் தமிழர் வரைந்தவையாக இருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அவருடைய 'செல்லினம்' 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளிவந்தது. வல்லினம், மெல்லினம், இடையினம் வரிசையில் செல்பேசிக்கு ஒரு இனம்! அன்றைக்குக் குறுஞ்செய்தியில் தமிழ் என்றால் இடநெருக்கடி. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும். 160 எழுத்து ஏறும். தமிழுக்கு 16 பிட் வேண்டும், 70தான் ஏறும். அந்த 70ம் நம் கணக்குப்படி இல்லை. 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்பதை எண்ணிப் பாருங்கள். நமக்கு 15 எழுத்து. கருவிக்குப் புள்ளியும் காலும் மற்றத் துணைக்குறிகளும் இடைவெளியும் சேர்த்து 27. இரண்டரை வாழ்த்தில் செய்தி நிரம்பிவிடும். இன்றும் ஆங்கிலக் குறுஞ்செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தையோ சிரிக்கும் முகத்தையோ போட்டால், செய்தி முழுவதும் 70 கணக்குக்கு மாறிவிடும். நீளச் செய்தி இரண்டு மூன்றாக உடைந்து, அத்தனைக்கும் காசு போவது அதனால்தான். புலனத்தில் இந்தக் கவலை இல்லை. இந்தக் கட்டுரை முழுவதும் சில பத்துக் கிலோபைட்தான்; கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் இடத்தில் இதைப் போல ஐம்பதுக்கு மேல் அடங்கும்.

சரி, பௌர்ணமி எங்கே போனது?

நான் தட்டியது பகரமும் ஔகாரக் குறியும்: 2986, 3020. அம்மா தட்டியது பகரம், கொம்பு, ளகரம்: 2986, 3014, 2995. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஏனென்றால் ஔகாரக் குறியின் வலப்பாதி அச்சு அசலாக ளகரம் போலவே இருக்கிறது. சில எழுத்துருக்களில் கொஞ்சம் சிறிதாக இருக்கும். என் திரையில் அதுவும் இல்லை. தேடல் படத்தைப் பார்ப்பதில்லை, எண்களைத்தான் பார்க்கிறது. எண் வேறு, ஆகவே சொல் வேறு.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அவர் சின்ன வயதில் தட்டச்சு வகுப்புக்குப் போனவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூர், மலாயா பக்கம் பிழைப்புக்கு வந்த ஆர். முத்தையா என்பவர்தான் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி கண்டவர். செய்துகொடுத்தது ஜெர்மனிக் கம்பெனி. 247 எழுத்தை அத்தனை சிறிய பொறிக்குள் அடைக்க அவர் செய்த தந்திரம் நகரா விசை. புள்ளி விசையைத் தட்டினால் தாள் நகராமல் நிற்கும். அடுத்துத் தட்டும் எழுத்து அதே புள்ளிக்கு அடியில் வந்து விழும். அந்தப் பொறியில் ஔகாரத்துக்கெனத் தனி விசை ஏது? கொம்பு, பகரம், ளகரம் என்று மூன்று தட்டு. தாளில் மை ஒன்றுதான், படிக்கிறவர் புரிந்துகொள்வார். அம்மாவின் விரலுக்கு அந்த ளகரம் இன்னும் மறக்கவில்லை.

கருவி இரண்டையும் ஒன்றாகப் பாவித்தால் என்ன என்று தோன்றும். சில இரட்டைகளுக்கு அப்படி ஏற்பாடு உண்டு. ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று ஒருங்குறியே சொல்லிவிட்டது. இப்படி ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதை இயல்பாக்கம் என்பார்கள். ளகரத்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அது முழு மெய். அதற்கென்று வேலை இருக்கிறது. கொம்புக்குப் பின் வரும் ளகரத்தையெல்லாம் ஔகாரமாக்கினால் 'வெளி'யும் 'தெளிவு'ம் உடைந்து நொறுங்கும். ளகரத்தோடு வேறு குறி ஒட்டாதபோது மட்டும் மாற்றினால்? 'வெளவால்' பிழைத்து 'வௌவால்' ஆகும், நல்லதுதான். ஆனால் நாம் அன்றாடம் பேசுகிற மாதிரியே தட்டும் 'கெளம்பிட்டேன்' அப்போது கௌம்பிட்டேனாகிவிடும். பார்வையில் வித்தியாசம் தெரியாது, அடுத்த தேடலில் தெரியும். ஒரு சொல்லில் ளகரம் ளகரமாக நிற்கிறதா, ஔகாரத்தின் வாலாக நிற்கிறதா என்று வாசிக்கிறவரின் மொழியறிவு முடிவு செய்கிறது. எழுத்து வடிவில் அந்த விடை இல்லவே இல்லை.

ஆகவே இப்போதைக்கு வழி ஒன்றுதான். மௌனம், சௌகரியம், கௌரவம் போன்ற சொற்களைத் தேடும்போது இரண்டு விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

சென்ட்ரல் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறி உட்கார்ந்ததும் நான் அதைத்தான் செய்தேன். கொம்பும் ளகரமுமாக 'பெள' என்று தட்டினேன். பௌர்ணமிப் பூஜை உடனே வந்து நின்றது. விளையாட்டாக 'கெள' என்றும் தட்டினேன். அம்மாவின் செய்திகள் வரிசையாக இறங்கின. கெளம்பிட்டியா? கெளம்பிட்டியா? கெளம்பியாச்சா? மூன்று வருஷத்துச் சனிக்கிழமைகள். அவற்றுக்கு நடுவே என் பதில், எல்லாம் ஒரே மாதிரி: கெளம்பிட்டேன்மா. அதில் பாதி, வீட்டில் சாய்ந்து படுத்தபடி அனுப்பியது.