டாக்டர் தேனியில், பேஷன்ட் கிராமத்தில்! வயர் இல்லாமல் கண் வைத்தியம் ஜெயித்த கதை

விருதுநகர்: "கண்ணு மங்கலாத்தான் தெரியுது. மதுரைக்குப் போனா ஒரு நாள் கூலி போச்சே!" சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்கள் சொல்கிற பேச்சு இது. பஸ் காசு, துணைக்கு வர்ற ஆளோட கூலி எல்லாம் கூட்டிப் பார்த்துட்டு, 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் புரை முற்றிவிடுகிறது.

இதே சிக்கலுக்கு பக்கத்து மாவட்டமான தேனியில் ஒரு வழி கண்டார்கள். தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகமும், இன்டெல் கம்பெனி ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2004ல் சோதனை ஆரம்பித்தார்கள். எடுத்ததும் ஊர் பூரா டவர் நடவில்லை. சின்னதாக ஆரம்பித்து, அது ஓடுதா என்று பார்த்துத்தான் அடுத்த ஊருக்குப் போனார்கள். 2006க்குள் ஐந்து சிறு கண் மையங்கள் இணைந்துவிட்டன.

பேஷன்ட் பக்கத்து மையத்துக்குப் போவார். பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதித்து, போட்டோ எடுத்து அனுப்புவார். தேனியில் இருக்கும் டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் முகம் பார்த்து, "எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?" என்று கேட்பார். கண்ணாடி போதும் என்றால் அங்கேயே முடிந்தது. ஆபரேஷன் வேண்டியவர் மட்டும் பஸ் ஏறணும்.

இதற்கு உதவியது நம்ம வீட்டு வை-பை தான். ஆனால் வீட்டு வை-பை பத்து, பதினைந்து கிலோமீட்டர் போகுமா? அங்கேதான் வேலை இருந்தது. உயரமான கம்பத்தில், எதிர் ஊரை நேராகப் பார்க்கிற மாதிரி ஆன்டெனா வைத்தார்கள். அடுத்தது சாப்ட்வேர். வை-பை ஒரு தகவலை அனுப்பிவிட்டு 'வந்துருச்சா?' என்று பதிலுக்குக் காத்திருக்கும். தூரத்தில் இருந்து பதில் வர லேட்டானால், போகலைன்னு நினைத்து மறுபடியும் அனுப்பும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் குழாயடிச் சண்டைதான்! அதனால் 'இப்போ நீ, அடுத்து நான்' என்று முறை வைத்து சாப்ட்வேரை மாற்றினார்கள்.

சரி, அப்புறம் எல்லாம் சுகம்தானா? இல்லை. பெரிய வில்லன் கரண்ட். வோல்டேஜ் ஏறி இறங்கி கருவிகள் கெட்டுப்போயின. திடீர் கட்டில் மெமரி கார்டில் இருந்த சாப்ட்வேரே அழிந்தது. ஒவ்வொரு தடவையும் அமெரிக்காவிலிருந்தா ஆள் வர முடியும்? உள்ளூர் ஊழியர்களுக்கே ரிப்பேர் கற்றுக்கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், டவரை விட இதுதான் பெரிய விஷயம். ஆரம்ப விழாவோடு படுத்துவிட்ட எத்தனையோ திட்டங்களை நாம் பார்த்திருக்கிறோமே!

இப்போது எல்லார் கையிலும் 4ஜி போன் இருக்கு. படம் அனுப்ப தனி டவர் தேவையில்லை. ஆனால் கண்ணைச் சோதிக்கத் தெரிந்த ஆளும், கருவியும், அந்தப் பக்கம் நேரம் ஒதுக்குகிற டாக்டரும் இன்றைக்கும் வேணும்.

ஒரு விஷயம், இந்த வீடியோ வைத்தியம் வெடி விபத்துக்கு ஆகாது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி விபத்தைப் பார்த்த ஊர் நம்ம ஊர். கண்ணில் மருந்துத் தூள் பட்டால் கசக்காமல், நல்ல தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். எதாவது குத்தியிருந்தால் பிடுங்கவும் கூடாது, அழுத்தவும் கூடாது. லேசாக மூடி, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்.