ஆதித் திருச்சபையின் கதை – 6: பந்தியில் எழுந்த முறுமுறுப்பு

ஆள் சேரச் சேரச் சபையில் சச்சரவும் சேரும். எருசலேம் சபையும் இதற்கு விலக்கல்ல. பெந்தெகொஸ்தே நாளன்று சுமார் 3,000 பேர் சேர்ந்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டு அதிகாரம் தள்ளி, ஆண்கள் தொகையே 5,000 என்கிறது. நிலத்தை விற்றவர்கள் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தார்கள். வரவு, பங்கீடு, பிரசங்கம் என எல்லாமே பன்னிரண்டு பேர் தலையில்.

6ஆம் அதிகாரத்தில் முறுமுறுப்பு கிளம்பியது. அன்றாடம் நடக்கும் பந்தியில் தங்கள் விதவைகளை யாரும் கவனிப்பதில்லை என்று கிரேக்கம் பேசிய யூத விசுவாசிகள் குறைப்பட்டார்கள். குற்றச்சாட்டு உள்ளூர் எபிரெயர்மேல்.

எருசலேமில் கிரேக்கம் பேசுகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1913-14 அகழ்வில் அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டு கொஞ்சம் விளக்குகிறது. பத்து வரி, அத்தனையும் கிரேக்கம். தெயொதோத்தோஸ் என்ற ஆசாரியர் ஜெப ஆலயம் கட்டி, வெளிநாட்டிலிருந்து வருவோர் தங்க அறைகளும் தண்ணீர் வசதியும் செய்துவைத்தார் என்று அதில் பொறித்திருக்கிறது. இப்படி வந்த யூதர்களில் பலர் கடைசிக் காலத்தைப் புனித நகரில் கழிக்க விரும்பியவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கணவன் இறந்துவிட்டால் மனைவிக்கு அங்கே சொந்தபந்தம் கிடையாது. சபைப் பந்திதான் கதி.

பன்னிருவர் புகாரை மறுக்கவில்லை. சொன்னவர்களை அதட்டவும் இல்லை. தாங்களே பந்தி பரிமாறவும் இறங்கவில்லை. ஜெபமும் போதனையும் தங்கள் வேலை என்றார்கள். சபையார் எல்லோரையும் கூட்டி, நற்பெயரும் ஞானமும் உள்ள ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

சபை தெரிந்தெடுத்த பெயர்கள்தான் சுவாரஸ்யம். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். உள்ளூர் யூதர்களும் அப்படிப் பெயர் வைத்ததுண்டு. பன்னிருவரிலேயே அந்திரேயா இருக்கிறார். ஆனாலும் ஒருவருக்குக்கூட எபிரெயப் பெயர் இல்லாதது தற்செயலாகத் தெரியவில்லை. கடைசி ஆளான நிக்கொலாவோ அந்தியோகியாவைச் சேர்ந்தவர், பிறப்பால் யூதரே அல்ல. இரு தரப்புக்கும் சரிபாதி இடம் என்று பஞ்சாயத்து பேசாமல், குறை சொன்ன தரப்பிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டது சபை. அப்போஸ்தலர் அவர்கள்மேல் கைவைத்து ஜெபித்தார்கள்.

பந்தி விசாரிக்க வந்தவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. ஸ்தேவான் ஜெப ஆலயத்தாரோடு வாதாடி, கல்லெறியுண்டு, முதல் இரத்தசாட்சியானார். பிலிப்பு சமாரியாவில் பிரசங்கித்தார். காசாவுக்குப் போகும் சாலையில் எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எல்லை மீறினார்கள் என்று எருசலேம் அவர்களைக் கண்டிக்கவில்லை. சமாரியா செய்தி எட்டியதும் பேதுருவும் யோவானும் அங்கே போய்ப் புது விசுவாசிகளுக்காக ஜெபித்தார்கள்.

இந்த ஏழு என்ற கணக்கு சபையில் வெகுகாலம் நிலைத்தது. 251ஆம் ஆண்டு வாக்கில் ரோமாபுரி ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் தம் சபையின் விவரம் இருக்கிறது: மூப்பர்கள் 46, உதவிக்காரர்கள் 7. அந்தச் சபை பராமரித்த விதவைகளும் ஏழைகளும் 1,500 பேருக்கு மேல்.

(தொடரும்)