அளந்து இறங்குவோம், அஞ்சாமல் உழைப்போம்



நஷ்டப்பட்டு மூடிய கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் நஷ்டம் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே தேய்ந்து போன கடைகளும் உண்டு. புதுச் சரக்கு போடப் பயம், வீட்டுக்குச் சாமான் அனுப்பப் பயம். "இருப்பதே போதும்" என்று உட்கார்ந்து விடுகிறோம். எதிரே சூப்பர் மார்க்கெட் வந்த பிறகுதான் விழிக்கிறோம்.

இந்தப் பயம் ஏன் வருகிறது? போனால் எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்காததால்தான். தெரியாத நஷ்டம் மலை போலத் தோன்றும். எழுதிப் பார்த்தால் பல நேரம் அது சிறு தொகையாகவே இருக்கும்.

உதாரணத்துக்கு, சாமை, தினை கேட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உமி நீக்கிய சிறுதானியம் நாள்பட்டால் வண்டு விழும், சிக்கு வாடை வரும். ஆகவே மூட்டையாக எடுக்க வேண்டாம். பத்துக் கிலோ போதும். கிலோ 80 ரூபாய் என்றால் முதல் 800 ரூபாய். பாதிச் சரக்கு 100 ரூபாய் விலையில் போய், மீதியைக் கொட்ட நேர்ந்தாலும் நஷ்டம் 300 ரூபாய்தான். இதைத் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் பயத்துக்கு வேலை இல்லை.

சிறு முதலில் தொடங்கியவர்கள் நம்மிடையே உண்டு. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு ஷாம்பூத் தொழிலில் தனியாக இறங்கினார். காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் சிக் ஷாம்பூ பாக்கெட் ஒன்று இலவசம் என்று அறிவித்தார். முதலில் எந்த கம்பெனி பாக்கெட்டையும் ஏற்றார். பிறகு சிக் பாக்கெட் மட்டும் என்று மாற்றினார். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல் 13,000 ரூபாய் முதலில் சென்னை ராயபுரத்தில் ஐஸ் தயாரிப்பைத் தொடங்கினார். நகரத்தில் பெரிய கம்பெனிகளின் போட்டி கடுமையாக இருந்தது. தொழிலை விட்டுவிடாமல் வெளியூர்ச் சிறு நகரங்களின் பக்கம் திரும்பினார். அருண் ஐஸ்கிரீம் ஊர் ஊராகப் பரவியது. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி பார்த்தார்கள். அதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

நமக்கு ஏற்ற முறை இதுதான்:

1. கைமுதலில் மட்டும் சோதனை செய்யுங்கள். வட்டிக்கு வாங்கியும், அரிசி பருப்புக்கு வைத்த பணத்தை எடுத்தும் செய்ய வேண்டாம்.

2. தொகையையும் நாளையும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம்தான்.

3. தனி நோட்டுப் போடுங்கள். வாங்கியது, விற்றது, கழிந்தது, கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

4. அந்தச் சரக்கைக் கடனுக்குக் கொடுக்காதீர்கள். விற்றதா இல்லையா என்பதே தெரியாமல் போகும்.

அளவு வைப்பது பணத்துக்குத்தான், உழைப்புக்கு அல்ல. புதுச் சரக்கை எண்ணெய் டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு "போகவில்லை" என்று சொல்வது சோதனை ஆகாது. கண்ணில் படும்படி வையுங்கள். வருகிறவர்களிடம் வாய் திறந்து சொல்லுங்கள். சமைக்கும் விதம் கேட்டால் விளக்குங்கள். இவ்வளவும் செய்தும் போகவில்லை என்றால், நம் தெருவுக்கு அது வேண்டாம் என்று உறுதியாகத் தெரிந்துவிடும். அந்த 300 ரூபாய் அதைத் தெரிந்துகொள்ளக் கொடுத்த கூலி.

கடையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகன் சொன்ன யோசனை பலிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் முன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த யோசனையை அவன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வான். பிறகு, கடைக்கே வரமாட்டேன் என்பான். 300 ரூபாய் நஷ்டத்தை விட அது பெரிய நஷ்டம். நோட்டை அவன் கையில் கொடுத்து, எங்கே தவறியது என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர்கள் பல நாளாகக் கேட்டும் நாம் "இல்லை" என்று சொல்லி அனுப்பும் சரக்கு ஒவ்வொரு கடையிலும் ஒன்றாவது இருக்கும். இந்த மாதம் அதிலிருந்தே தொடங்கலாம்.