அறிவிப்புத் தாளில் ஒரு பெயர்

பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் டீ நேரத்துக்கு வந்தபோது கையில் இரண்டு தாள்கள் இருந்தன. பாளையங்கோட்டையில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்த அவருடைய மகள், கல்யாணமாகி அமெரிக்காவில் குடியிருக்கிறாள். அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எபிஸ்கோபல் ஆலயத்துக்குப் போகிறாள். அந்த ஆலயத்தின் வார அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அக்கா ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்து வந்துவிட்டார்.

"தம்பி, கடைசியில எம்மக பேரு போட்டிருக்கு பாருங்க. 'ஆல்டர் கில்டு'ன்னு இருக்கு. மேல பாத்தா வெஸ்ட்ரி தேர்தல், பேன்கேக் விருந்து, நீலப் பெட்டி, சனிக்கிழமை சாப்பாடு. ஒரு வேத வசனத்தையும் காணோம். இதுல கோயில் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. தன் சேகரக் கமிட்டியில் இரண்டு முறை இருந்தவர் அவர். அவருக்கே புரியவில்லை என்றால் விளக்கத்தான் வேண்டும். "மக பேருக்குக் கடைசியா வருவோம்க்கா. மேலேருந்து ஒண்ணொண்ணா பாப்போம்" என்றேன்.

முதலில் பெயர். 'எபிஸ்கோபோஸ்' என்றால் கிரேக்க மொழியில் மேற்பார்வை செய்கிறவர். நம் பழைய வேதாகமத்தில் 'கண்காணி' என்று வருகிறதே, அந்தச் சொல்தான். நாம் பேராயர் என்றும் அத்தியட்சர் என்றும் சொல்பவரை வைத்து நடக்கும் சபை என்று பொருள். இங்கிலாந்துச் சபையின் அமெரிக்கக் கிளையாக இருந்தது இது. அமெரிக்கா விடுதலை பெற்றதும் சிக்கல் வந்தது. பேராயர் அபிஷேகம் பெற வேண்டுமானால் இங்கிலாந்து அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். அரசரை எதிர்த்துப் போராடிப் பிரிந்த நாட்டுக்காரர் அதை எப்படிச் செய்வார்? கனெக்டிகட் குருமார் அனுப்பிய சாமுவேல் சீபரி லண்டனில் காத்திருந்து பார்த்துவிட்டு ஸ்காட்லாந்துக்குப் போனார். 1784 நவம்பர் 14 அன்று அபர்டீன் நகரில் ஸ்காட்லாந்துப் பேராயர்கள் அவருக்கு அபிஷேகம் செய்தார்கள். 1789-இல் பிலடெல்பியாவில் கூடி, தங்களுக்கென்று சட்டமும் ஜெபப் புத்தகமும் வகுத்துக்கொண்டார்கள்.

"அப்போ நம்ம சபைக்கும் அதுக்கும்?"

உறவு உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று பல சபைகள் இணைந்து உருவானது தென்னிந்தியத் திருச்சபை. அதுவும் எபிஸ்கோபல் சபையும் இன்று ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருக்கின்றன. அதனால்தான் அக்காவின் மகள் முதல் ஞாயிறு உள்ளே போய் உட்கார்ந்தபோது ஆராதனை முறை பழகியதாகத் தெரிந்திருக்கும். பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், திருவிருந்து எல்லாம் அவள் இங்கே கேட்டு வளர்ந்த வரிசையில்தான் வரும்.

அடுத்தது வெஸ்ட்ரி. குருவானவரின் அங்கிகளை வைக்கும் அறைக்கு அந்தப் பெயர். அந்த அறையில் கூடிய கூட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் சேகரக் கமிட்டி மாதிரிதான், ஆனால் அதிகாரம் கூடுதல். ஆண்டுக்கூட்டத்தில் சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்; வழக்கமாகப் பதவி மூன்று வருஷம். கட்டிடம், கணக்கு, வரவுசெலவுத் திட்டம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வார்டன் என்று இரண்டு பேர் உண்டு. ரெக்டர் என்கிற தலைமைக் குரு விலகினால் அடுத்தவரைத் தேடி அழைப்பதும் வெஸ்ட்ரிதான். பேராயர் அறியாமல் நடக்காது, ஆனால் தேடுவது சபையார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "இங்க திருமண்டலத்துலேருந்து மாறுதல் வரும், ஐயர் வருவாங்க. அங்க சபையே தேடுமா?"

தேடும். அதற்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. குடியேற்றக் காலம் முழுக்க அமெரிக்க மண்ணில் ஒரு பேராயர்கூட இல்லை. கண்காணி கடலுக்கு அப்பால். ஆக, ஊர்க்காரர்களே சபையைத் தூக்கிச் சுமந்தார்கள். வர்ஜீனியாவில் வெஸ்ட்ரிக்கு ஊராட்சி மாதிரி வேலை. வரி வசூலிப்பார்கள், அதுவும் புகையிலையாக. குருவானவரின் சம்பளமே வருஷத்துக்கு 16,000 பவுண்டு புகையிலை. அந்த வரியிலிருந்துதான் ஊரின் ஏழைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் முடியாதவர்களுக்கும் செலவு செய்ய வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன்கூட ட்ரூரோ என்கிற சேகரத்தில் வெஸ்ட்ரி உறுப்பினராக இருந்தவர். ஏழையைப் பார்த்துக்கொள்வது அந்தக் கமிட்டியின் ஆதி வேலைகளில் ஒன்று. விடுதலைக்குப் பிறகு வரி வாங்கும் உரிமை போய்விட்டது. இன்று வருஷ ஆரம்பத்துக்கு முன்பே ஒவ்வொரு குடும்பமும் 'இவ்வளவு தருவோம்' என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுக்கிறது. அந்த வாக்கை நம்பித்தான் வரவுசெலவுத் திட்டம் போடுகிறார்கள்.

பேன்கேக் விருந்தும் வேடிக்கைக்காக வைப்பதில்லை. சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய் அன்று நடக்கும். தபசு காலத்தில் முட்டை, பால், நெய் எல்லாம் விலக்கி வைத்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு முன் வீட்டில் இருப்பதைத் தீர்க்க மாவில் கலந்து சுட்டுத் தின்றார்கள். மறுநாள் நெற்றியில் சாம்பல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த விருந்தின் அர்த்தம் விளங்கும்.

நீலப் பெட்டி என்றதும் அக்காவுக்கு நான் ஒன்றைத்தான் நினைவுபடுத்தினேன். "கைப்பிடி அரிசி ஞாபகம் இருக்கா?" ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டு போனவர்கள் நம் வீட்டு அம்மாக்கள். அங்கே நன்றி சொல்லத் தோன்றும்போதெல்லாம் ஒரு காசை அந்தச் சின்ன அட்டைப் பெட்டியில் போடுகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, ஒரு காசு. மழை நின்றதா, ஒரு காசு. சபைப் பெண்கள் இந்தக் காணிக்கையை முதன்முதலில் திரட்டியது 1889-இல். அலாஸ்காவில் ஆன்விக் என்கிற ஊரில் ஓர் ஆலயம் எழும்பவும், ஜப்பானுக்கு ஒரு பெண் ஊழியர் போகவும் அந்தக் காசு உதவியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அத்தனை காசு சேர்த்த பெண்களுக்கு, சபையின் பொது மாமன்றத்தில் பிரதிநிதியாக உட்கார 1970 வரை பொதுவாக இடமில்லை. 1974 ஜூலை 29 அன்று பிலடெல்பியாவில் பதினொரு பெண்கள் சட்டம் அனுமதிக்கும் முன்பே குருப்பட்டம் பெற்றார்கள். மாமன்றம் 1976-இல்தான் அதற்கு வழிவிட்டது. 2006-இல் காத்தரின் ஜெஃபர்ட்ஸ் ஷோரி என்ற பெண் அந்தச் சபை முழுமைக்கும் தலைமைப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காசைப் பெட்டியில் போட்ட கைகள் ஆசீர்வாதம் கூற உயர்வதற்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

சனிக்கிழமை சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நியூயார்க்கின் ஒரு ஆலயம் வேண்டும். மன்ஹாட்டனில் ஒன்பதாவது அவென்யூவும் 28-ஆவது தெருவும் சந்திக்கும் இடத்தில் பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுக் கட்டிடம். 1980களின் தொடக்கத்தில் சபை சுருங்கி, பணமும் குறைந்திருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் செலவைக் குறைக்கத்தான் பார்ப்பார்கள். அவர்கள் 1982-இல் பசித்தவர்களுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். சில பத்துப் பேரோடு தொடங்கியது, வார நாள் ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேர் அளவுக்கு வளர்ந்தது. 1990-இல் கூரையில் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது தீப்பிடித்து ஆலயம் பெரும் சேதம் அடைந்தது. சாப்பாட்டை அவர்கள் விடவில்லை. ஆலயத்தைத் திரும்பக் கட்டி முடித்தபோது, தரையில் பதித்த பழைய நீள பெஞ்சுகளைத் திரும்பப் போடவில்லை. நடுக்கூடத்திலேயே வட்ட மேசைகளை விரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் முழங்கால் படியிடும் அதே கூரையின் கீழ், வண்ணக் கண்ணாடி ஜன்னல்களின் வெளிச்சத்தில், திங்கட்கிழமை தெருவில் படுத்து எழுந்தவர் உட்கார்ந்து சாப்பிடலாம். உனக்கு என்ன கஷ்டம், எந்த மதம் என்று கேட்பதில்லை.

"நம்ம அசனம் மாதிரி" என்றார் அக்கா.

ஆமாம், பெரிய பந்தி. அசனத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் ஊரே உட்காரும், சாதி பார்க்காமல் ஒரே சோறு பரிமாறப்படும். அதை அவர்கள் வார நாட்களின் வேலையாக்கிவிட்டார்கள். எபிஸ்கோபல் சபையின் மொத்த எண்ணிக்கை 1960களில் முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று சுமார் பதினைந்து லட்சம். ஆராதனைக்கு இருபது முப்பது பேர் மட்டுமே வரும் ஆலயங்கள் நிறைய. அவற்றிலும் அறிவிப்புத் தாளில் சாப்பாட்டு வரிசையும், ஆராதனை முடிந்து எல்லோரும் நின்று பேசும் காபி நேரமும், அந்த வாரம் பலகாரம் யார் முறை என்பதும் இருக்கும். எண்ணிக்கை குறைந்த சபையை இந்த முறைகள்தான் தாங்குகின்றன என்று நான் முழுமனதாக நம்புகிறேன். பிரசங்கம் மறந்துபோகும். இந்த சனிக்கிழமை வெங்காயம் நறுக்க என் பேர் எழுதியிருக்கிறது என்பது மறக்காது.

டீ ஆறியிருந்தது. அக்கா தாளைத் திருப்பிக் கடைசி வரியில் விரலை வைத்தார். "சரி, இப்போ சொல்லுங்க."

ஆல்டர் கில்டு என்பது திருவிருந்து மேசையைக் கவனிக்கும் குழு. வெள்ளிப் பாத்திரம் துலக்குவது, மெழுகுவர்த்தி மாற்றுவது, பூ வைப்பது, துணி துவைப்பது எல்லாம் அவர்கள் வேலை. யாரும் பார்க்காத நேரத்தில் வந்து செய்துவிட்டுப் போவார்கள். அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் அடியில் விரிக்கும் சதுரத் துணியை ஈரம் காய்வதற்குள் இஸ்திரி போட்டு, மூன்றாக மடித்து மறுபடி மூன்றாக மடிப்பார்கள். விரித்தால் ஒன்பது கட்டம் தெரியும். துகள் சிந்திவிடாமல் மடிப்பு உள்பக்கமாகவே போக வேண்டும். கிண்ணத்தைத் துடைத்த துணியில் திராட்சை ரசம் ஊறியிருக்கும், உதட்டுச் சாயமும் இருக்கும். அதை முதலில் வெறும் தண்ணீரில் அலசுவார்கள். அந்த முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது. சில ஆலயங்களில் அதற்கென்றே ஒரு தொட்டி உண்டு. அதன் குழாய் நேரே மண்ணுக்குள் இறங்கும். இல்லாத இடத்தில் வெளியே கொண்டு போய்ச் செடியடியில் ஊற்றுவார்கள்.

"உங்க மகளுக்கு இந்த மாசம் துணி முறை" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்தார், மூன்றாக, பிறகு இன்னொரு முறை.

"இங்க அவளைக் கொடியில காயுற துணியை எடுத்துப்போடச் சொன்னாலே செய்யமாட்டா" என்றார். குரல் தழுதழுத்தது. எழுந்து வாசல்வரை போனவர் நின்று திரும்பினார். "தம்பி, நம்ம கோயில்ல அந்தத் துணியை யார் துவைக்காங்க? நான் கமிட்டியில ஆறு வருசம் இருந்தேன். கேக்கவே இல்லையே."

எனக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்க் கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம்.