ஹெலிகாப்டரை யார் அழைப்பது? எப்படி?

பாலாற்றில் வெள்ளம் வந்து ஓரிக்கையில் ஒரு தெரு தனித்தீவாகிவிட்டால், நாமே விமானப்படைக்குப் போன் போட வேண்டுமா? தேவையில்லை. 1077-ஐ அழைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும். படகு போக முடியாத இடம் என்றால் ஆட்சியர் மாநில அரசிடம் கேட்பார். அரசு, ஆயுதப் படைகளிடம் உதவி கோரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிய திருச்செந்தூர்–சென்னை எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கு வானிலிருந்தும் உணவு வந்தது.

ஏன் இத்தனை படி? ஹெலிகாப்டர்கள் சில, கேட்கும் ஊர்கள் பல. யாருக்கு முதலில் என்பதை, எல்லாத் தகவலும் வந்துசேரும் இடத்தில்தான் முடிவு செய்ய முடியும்.

என்ன சொல்ல வேண்டும்? செல்போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை பேர், நோயாளி, கர்ப்பிணி உண்டா, பக்கத்தில் மின்கம்பி, கோபுரம் உண்டா. மெல்லிய கம்பி விமானியின் கண்ணுக்கு எளிதில் படாது.

மொட்டைமாடியில் ராணி கலர் சேலை விரித்தால் பழுப்புத் தண்ணீருக்கு நடுவே பளிச்சென்று தெரியும். நாலு மூலையிலும் செங்கல் வையுங்கள். ஹெலிகாப்டர் நெருங்கியதும் சுருட்டிவிடுங்கள். விசிறி கீழே தள்ளும் காற்றில் எழும்பும் துணி, அந்த விசிறியிலேயே சிக்கக்கூடும்.